கேள்விக்குறி வட்டத்தின் நாலாம் அத்தியாயம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் வழிமறித்து ஒரு கையேட்டைத் திணித்தாள். வழவழ காகிதம், வண்ணப்படம். ‘அதிகாரத்தைக் கேள்வி கேட்போம்: தத்துவம், அறிவியல், அரசியல் – நீங்கள் படித்தே ஆகவேண்டிய நூல்கள்.’ படித்தே ஆகவேண்டுமாம்! அதிகாரத்தைக் கேள்வி கேட்பதற்கும் இவர்களிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும் போலிருக்கிறது. “இப்பதான் ஆன்ட்டி, மீட்டிங் ஸ்டார்ட் ஆகப் போவுது. ஏர்கான் இருக்கு, வடை இருக்கு லா” என்றாள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. போனேன். தத்துவத்துக்காகப் போனேன் என்று பொய் சொல்லும் வயதை எல்லாம் நான் தாண்டிவிட்டேன்.

மீன் பையை நாற்காலிக்குக் கீழே வைத்தேன். அந்த வாடைக்குப் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை, எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. சிறப்பு விருந்தினர் உள்ளே வந்தார், எல்லோரும் எழுந்து நின்றோம். அவர் உட்கார்ந்தார், நாங்களும் உட்கார்ந்தோம். பொன்னாடை போர்த்தினார்கள், அதற்கு மறுபடியும் எழுந்தோம். அதிகாரத்தைக் கேள்வி கேட்க வந்தவர்களுக்கு முழங்கால் நன்றாக இருக்கவேண்டும். பிறகு கேள்வி நேரம் என்றார்கள். திரையில் ஒரு க்யூஆர் கோடு வந்தது, கேள்விகளைக் கைப்பேசியில் அனுப்பவேண்டும், குழு தேர்ந்தெடுக்கும். தேர்ந்தெடுத்த முதல் கேள்வியை நெறியாளர் உருக்கமாக வாசித்தார். “ஐயா, உங்கள் அயராத உழைப்பின் ரகசியம் என்ன?”

அந்த ஐயாவை எனக்குத் தெரியும். தலைமுடிக்குக் கறுப்புச் சாயம், அதே கம்பீரக் குரல். ஒரு காலத்தில் நாங்கள் அவரைத் ‘தலைவர்’ என்போம். கையேட்டைப் புரட்டினேன். அரசியல் பிரிவில் ஒரு புத்தகம். அதன் பெயரை நான் சொல்லப்போவதில்லை, சொன்னால் நீங்களும் படிக்காமலே ‘ஓ, அதுவா’ என்பீர்கள். அதற்குக் கீழே தலைவரின் பரிந்துரைக் குறிப்பு: ‘கீழ்ப்படிதலைப் போற்றுவதுபோல் நடித்து, கீழ்ப்படிதலை நையாண்டி செய்யும் அரிய படைப்பு.’ எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முன்வரிசைகூடத் திரும்பிப் பார்த்தது. அடப் பாவி மனுசா, இத்தனை வருசம் ஆகியும் அந்தப் புத்தகத்தை நீ பிரிக்கவே இல்லையா!

அந்த வழவழ காகிதத்தில் மண்ணாங்கட்டி வாசம்கூட இல்லை. ஆனால் எனக்கு மூக்கில் ஏறியது, மெஷினிலிருந்து வெளிவந்த சூடு ஆறாத ஜெராக்ஸ் காகித வாசம்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஜூரோங் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா, வீடு மார்சிலிங்கில். வாரம் முழுக்க யெஸ் சார், நோ சார். ஞாயிறு மதியம் மட்டும் பஸ் மாறி மாறி சிராங்கூன் சாலைக்கு வருவேன். அங்கே ஒரு சாப்பாட்டுக்கடையின் மாடியில் கூடுவதுதான் ‘கேள்விக்குறி வாசகர் வட்டம்’. கீழே எண்ணெயில் வடை குதிக்கும், மேலே தலைவர் குதிப்பார். சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு கேள்விக்குறி, தெர்மகோலில் வெட்டிச் சிவப்புப் பெயின்ட் அடித்தது. “தோழர்களே, எவன் சொன்னாலும் நம்பாதே! கடவுள் சொன்னாலும் கேள், அறிஞன் சொன்னாலும் கேள், அரசன் சொன்னாலும் கேள்!” என்பார். எங்களுக்கு மயிர்க்கூச்செறியும். ‘நீங்க சொன்னா?’ என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும், கைதட்டுவதற்கே நேரம் போதவில்லை.

தலைவர் ஆயுள் காப்புறுதி விற்பவர். பெரிய ஏஜன்ட், அவருக்குக் கீழே ஒரு படையே உண்டு. மாதத்துக்கு ஒரு புத்தகம் பரிந்துரைப்பார், ஒரு மாதம் தத்துவம், மறுமாதம் அறிவியல், அதற்கடுத்து அரசியல். எல்லாம் ஆங்கிலப் புத்தகங்கள், விலை யானை விலை. ஆகவே ஏதாவது ஒரு அத்தியாயத்தை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுப்பது வழக்கம். அதை வீட்டில் படித்துவிட்டு வரவேண்டும், வந்தால் தலைவர் விளக்குவார். படித்ததற்கும் விளக்கத்துக்கும் ஒட்டாவிட்டால் தப்பு எங்கள் மூளையில் என்று வைத்துக்கொள்வோம்.

அங்கேதான் ஸ்டெல்லா சிநேகிதியானாள். பிடோக்கில் வீடு, உணவுப்பொருள் பரிசோதிக்கும் ஒரு லேபில் வேலை. குச்சி மாதிரி இருப்பாள், பெரிய கண்ணாடி. கெச்சப் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பதற்குத் தனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பாள். அவளைச் சும்மா விட்டால் எதையும் கேட்பாள். சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் ஏதோ கேட்டுவைத்து, அப்பாவிடம் தொடையில் கிள்ளு வாங்கியவள்.

அப்பா சவரிமுத்து. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், மாதா கோவிலில் காணிக்கைப் பை பிடிப்பவர், பங்குத் தமிழர்களுக்குச் செபமாலை சொல்லிக்கொடுப்பவர். அவர் வீட்டில் சோற்றுத் தட்டுக்கு முன் கேள்வி கூடாது, அதற்குப் பிறகும் கூடாது. மகள் ஞாயிற்றுக்கிழமை சாமி இல்லாதவர்கள் கூட்டத்துக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் வீடு ரெண்டுபட்டது. ஸ்டெல்லா, “அங்க எதையும் யாரையும் கேள்வி கேக்கலாம்ப்பா, இங்க மாதிரி இல்ல” என்று சொல்லிவிட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு பந்தயம் வைத்தாராம். “சரி. அங்க இருக்கிற பெரிய மனுசனையே கேட்டுப் பாரு, நானும் வந்து உக்காந்து பாக்குறேன். பதில் சொன்னாருன்னா நீ தாராளமா போ, நான் வாயே தொறக்கல. சொல்லலன்னா ஞாயித்துக்கிழமை செபமாலைக்கு வந்து முட்டி போடணும்.” ஸ்டெல்லா கையடித்துக் கொடுத்துவிட்டாள். இருபத்துச் சொச்சம் வயசுப் பெண்ணுக்கு வாரத்தில் தனக்கென்று கிடைத்தது அந்த ஒரு மதியம்தான். அதைத் தூக்கிப் பந்தயத்தில் வைத்துவிட்டு வந்து என்னிடம், “தலைவர் நிச்சயமா சொல்லுவாரு லா” என்றாள்.

அப்போதுதான் அந்த நாலாம் அத்தியாயம் வந்தது. ஆண்டு விழாவுக்கென்றே தலைவர் தேர்ந்தெடுத்த அரசியல் புத்தகம். அதிகாரம் சொன்னால் மனிதன் ஏன் கீழ்ப்படிகிறான், எப்போது மறுக்கவேண்டும் என்று பேசும் புத்தகம் என்றார். ஜெராக்ஸ் கைக்கு வந்தது, சூடாக. வீட்டில் போய்ப் படித்தால் தலை சுற்றியது. ‘குழுவில் சந்தேகம் முளைக்கும் நாளிலேயே அதைக் களைக.’ ‘தலைவரின் சொல்லை உறுப்பினர் இரண்டாம் முறை கேட்கும் நிலை வரக்கூடாது.’ ‘புதியவரை முதலில் பாராட்டுக, பிறகு பணிக்குக.’ இப்படியே போனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒவ்வொரு வரிக்கும் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் ‘என்ன ஒரு நையாண்டி!’ என்று எழுதிவைத்தேன். ஏனென்றால் தலைவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், ஆசிரியர் வஞ்சப்புகழ்ச்சியில் எழுதுகிறார், மேலோட்டமாகப் படிப்பவனுக்குப் புரியாது என்று. ஜெராக்ஸ் கொடுக்கும்போதே யாரோ ஒருவர் அதைப் புரட்டிவிட்டு அவரிடம், இது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறதே என்று முனகியிருக்கிறார். அதற்குச் சுடச்சுடக் கண்டுபிடித்த பதில் அது. மேலோட்டமாகப் படிப்பவள் என்று பெயர் வாங்க எனக்கென்ன பைத்தியமா? வட்டம் முழுக்க அப்படித்தான், நையாண்டியை ரசித்து ரசித்து மாய்ந்தோம்.

ஸ்டெல்லா மட்டும் பிடோக் நூலகத்துக்குப் போய் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்து, நாலாம் அத்தியாயத்தை ஜெராக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். ஒரு வரிகூட ஒத்துப்போகவில்லை. எனக்குப் போன் செய்தாள். “ஏய், இது அந்தப் புக்கே இல்லடி.”

நாங்கள் இருவரும் ஜெராக்ஸ் கடை அண்ணனிடம் போனோம். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார். “அன்னிக்கி அவரு ரெண்டு புக்கு வச்சாரு. எதுல எடுக்கணும்னு கேட்டேன். ஹேண்ட்போன்ல பேசிக்கிட்டே, மேல இருக்கிறதுன்னு விரலைக் காட்டினாரு. நாலாவது சேப்டர்னாரு. எடுத்துட்டேன்.” மேலே இருந்தது வேறொன்றுமில்லை, காப்புறுதி ஏஜன்ட்டுகளுக்கான கையேடு. விற்பனைப் படையைக் கட்டி மேய்ப்பது எப்படி என்று நாலாவது அத்தியாயம். ஒரு மாத காலம் நாங்கள் புரட்சி என்று நினைத்து உருகி உருகிப் படித்தது அதைத்தான். தலைவர் இரண்டையும் திறக்கவில்லை. அரசியல் புத்தகத்தின் பின்னட்டையைப் படித்துவிட்டே ஒரு மணி நேரம் முழங்கியிருக்கிறார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. “தனியா சொன்னா சரின்னு திருத்திக்குவாரு. ஆனா அப்பா முன்னாடி கேக்கறேன்னு சொல்லியிருக்கேன். இதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைக்குமா? தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாருன்னா போதும், எங்கப்பா வாயடைச்சுப் போயிடுவாரு” என்றாள். அவளுக்கு அந்த மனிதர்மேல் அவ்வளவு நம்பிக்கை. சந்தேகப்படச் சொல்லிக்கொடுத்த ஆளைச் சந்தேகிக்க அவளுக்கும் தெரியவில்லை பாருங்கள்.

ஆண்டு விழா. மாடி நிறைந்துவிட்டது. தெர்மகோல் கேள்விக்குறிக்கு மாலை போட்டிருந்தார்கள், சத்தியமாகச் சொல்கிறேன், செவ்வந்தி மாலை. சவரிமுத்து அங்கிள் காலைப் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். மேடையில் யாரையோ பார்க்க வந்தவர்போல் இல்லாமல், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். தலைவர், யாரோ அடிக்கோடு போட்டுக் கொடுத்த ஜெராக்ஸைப் பிடித்துக்கொண்டு, நாலாம் அத்தியாயத்தை மேற்கோள் காட்டிப் பேசினார். “‘சந்தேகத்தைக் களைக’ என்கிறான் ஆசிரியன்! எப்பேர்ப்பட்ட சாட்டையடி!” கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சாட்டையடி யார் முதுகில் விழுந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

ஸ்டெல்லா எழுந்தாள். கையில் நூலகப் புத்தகம். “தலைவர், ஒரு கேள்வி.”

“கேள்வி நேரம் முடிஞ்சிடுச்சும்மா.” அது ஆரம்பிக்கவே இல்லை.

“சின்னக் கேள்விதான். நாம படிச்ச நாலாம் அத்தியாயம் இந்தப் புத்தகத்துல இல்ல. வேற புக்கு மாறி வந்திருச்சுன்னு நெனைக்கிறேன். நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?”

ஒரு விநாடி தலைவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பையில் இருந்த இரண்டு புத்தகமும் அவர் கண்முன் வந்து போயிருக்கும். ஆனால் சிரித்தார். “தோழர்களே, பதிப்புக்குப் பதிப்பு மாறும். அதுகூடவா தெரியாது? இன்னொன்று, காலையில் முழங்காலிட்டுவிட்டு மாலையில் நையாண்டி படித்தால் இப்படித்தான். பக்தர்களுக்கு நகைச்சுவை வராது.” கூட்டம் ஓவென்று சிரித்தது. ஸ்டெல்லா உட்காரவில்லை. நானும் எழுந்து, “ஜெராக்ஸ் கடைக்காரரே சொன்னாரு” என்று ஆரம்பித்தேன். செயலாளர் பாய்ந்து வந்தார். அவர் தலைவரின் காப்புறுதிப் படையில் ஒரு சிப்பாய். மாலை போட்ட கேள்விக்குறிக்கு நேர் கீழே நின்றுகொண்டு கத்தினார். “தலைவரையே கேள்வி கேக்குறீங்களா?”

இதை நான் கதைக்காகச் சேர்க்கவில்லை. அப்படியே கேட்டார். கூட்டமும் ஆமாம், அதானே என்றது.

அப்போது கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. சவரிமுத்து அங்கிள் எழுந்துவிட்டார். போச்சு, பந்தயத்தில் ஜெயித்த மனிதர், மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தலைவரைப் பார்த்து, கிரேன் மேலிருந்து கீழே உள்ளவனுக்குச் சொல்வதுபோல் சத்தமாகச் சொன்னார்.

“எம் பொண்ணு கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

கீழே வடை பொரியும் சத்தம் கேட்டது.

நம் ஆட்களுக்கு இந்த மாதிரி இக்கட்டில் ஒரே ஒரு ஆயுதம்தான் தெரியும். செயலாளர் ஓடிப்போய் ஒரு பொன்னாடையை எடுத்துவந்தார். “நம் வட்டத்துக்கு முதன்முறை வருகை தந்திருக்கும் பெரியவருக்குத் தலைவர் பொன்னாடை போர்த்தி…” தலைவரும் கடகடவென்று இறங்கி வந்து, அந்த வாயாலேயே பெரியவரே, பெரியவரே என்று குழைந்து போர்த்திவிட்டார். புகைப்படக்காரர் க்ளிக் பண்ணினார். எல்லோரும் கைதட்டினார்கள். புதியவரை முதலில் பாராட்டுக என்று நாலாம் அத்தியாயத்தில் இருந்தது, அவர் அதைப் படிக்காமலே கரைத்துக் குடித்திருந்தார்.

அங்கிள் பொன்னாடையைக் கழற்றினார். கோபமாக வீசவில்லை. கோவில் துணியை மடிப்பதுபோல் நான்காக மடித்து நாற்காலிமேல் வைத்தார். “வாம்மா” என்றார். மூவரும் இறங்கினோம். வட்டத்துக்கு நான் போன கடைசி நாள் அது. அந்த வடையைக்கூடச் சாப்பிடவில்லை, அது இன்றும் எனக்கு ஒரு குறைதான்.

பஸ் நிறுத்தத்தில் ஸ்டெல்லா அழுதாள். எனக்கு அந்த ஆட்களைச் செருப்பால் அடிக்கலாம் என்று வந்தது. “நீங்க ஜெயிச்சிட்டீங்கப்பா. அடுத்த வாரம் செபமாலைக்கு வந்துர்றேன்” என்றாள்.

“செபமாலை கெடக்கட்டும். அந்த புஸ்தகத்தைக் குடு” என்றார் அங்கிள். நிறுத்தத்து விளக்கில் கண்ணாடியை மேலும் கீழும் ஏற்றி இறக்கிப் பார்த்தார். “நாலாவதுல அப்படி என்னதான் எளுதியிருக்கான்? அவனுக்குப் பதில் சொல்லத் தெரியலன்னா போறான். நான் படிச்சிட்டு வந்து சொல்றேன். நீ சொல்றது தப்புன்னு சொல்றேன். அப்புறம் நீ கேளு.”

அப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் பிடோக் சந்தைக்குப் பக்கத்து உணவங்காடியில் ஓரத்து மேசை. அங்கிளுக்குப் பால் விடாத கோப்பி ஓ, எங்களுக்குப் பால் விட்ட தே. மார்சிலிங்கிலிருந்து தீவின் இந்தக் கோடிக்கு நான் பஸ்ஸில் வந்து சேர்வேன், என் பெயரே அவருக்கு ‘மார்சிலிங் புள்ள’. விரலை வைத்து ஒரு வாரத்துக்கு ரெண்டு பக்கம் படிப்பார். வந்து உட்கார்ந்ததும் சண்டை. “யாருக்கும் கண்ணை மூடிக்கிட்டுக் கீழ்ப்படியாதேன்னு இவன் எளுதறான். கீழ நிக்கிறவன் கை காட்டுறான், நான் மேல ஒக்காந்து ஏன் எதுக்குன்னு கேட்டுக்கிட்டிருந்தா பெட்டி எவன் தலையிலயாவது விழுந்துடும். இவனை ஒரு நாளு கிரேன்ல ஏறச் சொல்லு!” ஸ்டெல்லா விடமாட்டாள். “சரிப்பா, கீழ நிக்கிறவன் தப்பா கை காட்டுனா?” அங்கிள் கோப்பியைக் குடித்து முடித்து, புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு உட்காருவதற்கு முன்பே, “தப்பா காட்டுனான்னா கையை எடுத்துடுவேன். நின்னுடும். அதுக்கு எவன்கிட்டயும் பர்மிஷன் கேக்க மாட்டேன்” என்றார். பிறகு புத்தகத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். “இந்தப் பய இதைத்தான் சொல்றானா? அதை இப்படியா வளச்சு வளச்சு எளுதுவான்?” நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைச் சீனப் பாட்டையா தன் செய்தித்தாளை மடித்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

அவர் கடைசிவரை சாமியை விடவில்லை, ஸ்டெல்லாவும் கேள்வியை விடவில்லை. தத்துவம் என்றார்கள், அறிவியல் என்றார்கள், எல்லாப் புத்தகமும் அந்த மேசைக்கு வந்து அவரிடம் அடி வாங்கிக்கொண்டு போயின. சில நாள் அவளும் அடி வாங்கினாள். “போம்மா, நீ சொல்றது தப்பு, ஏன்னு சொல்றேன் கேளு” என்று அவர் ஆரம்பிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். பரிசு வாங்கப்போகும் பிள்ளைபோல் முன்னால் நகர்ந்து உட்காருவாள்.

அங்கிள் போய்ச் சேர்ந்து சில வருடங்களாகிவிட்டன. உணவங்காடியைப் புதுப்பித்து மேசைகளை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். சிராங்கூன் சாலை மாடியில் இப்போது புருவம் திருத்துகிறார்கள். ஜெராக்ஸ் அண்ணன் கடையில் கைப்பேசி உறை விற்கிறது. தலைவர் மட்டும் அப்படியே இருக்கிறார், மேலும் மேலும் பொன்னாடை போர்த்திக்கொண்டு, நாலாம் அத்தியாயத்தைப் பிரிக்காமல்.

போன ஞாயிறு நான் சும்மா வரவில்லை. எழுந்து, “ஐயா, இந்தப் புத்தகத்தை நீங்க படிச்சீங்களா?” என்றேன். அடையாள அட்டைப் பெண் ஓடிவந்து, “ஆன்ட்டி, க்யூஆர்ல அனுப்புங்க, ப்ளீஸ்” என்றாள். அனுப்பினேன். ‘உங்கள் கேள்விக்கு நன்றி’ என்று உடனே வந்தது. பிறகு தேசிய கீதத்துக்கு எழுந்திருக்கும் வேகத்தில் எல்லோரும் வடைக்கு எழுந்தார்கள்.

கையேட்டைப் படம் எடுத்து ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன். அவள் இப்போது அந்த லேபுக்கே பெரிய அதிகாரி. கூப்பிட்டாள், நையாண்டி நூலாம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“அந்தாளு கெடக்குறான், விடு. லேப்ல நான் என்ன சொன்னாலும் யெஸ் ஸ்டெல்லா, யெஸ் ஸ்டெல்லாங்கறாங்கடி. வேணும்னே ஒரு நாள் தப்பா சொல்லிப் பாத்தேன், அதுக்கும் யெஸ் ஸ்டெல்லாதான். நீ சொல்றது தப்புன்னு சொல்ல எனக்கு இப்ப ஒரு ஆளு இல்ல.”

‘நான் இருக்கேன்டி, நீ சொல்றது தப்பு’ என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. அவள் சொன்னது சரியாக இருந்தது.